அடிமணல்

கண்ணாடித் தொட்டியின் அடியில் கிடக்கவேண்டிய ஆறு மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. பொழுதன்னைக்கும் மணலை மீசையால் துழாவிக்கொண்டு, எவர் வம்புக்கும் போகாத குட்டிக் கெளுத்திகள். மூன்று நாளாக ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. போட்ட தீனி மணல்மேல் அப்படியே ஊறிக் கிடந்தது.

"தண்ணி மாத்துடி," என்றாள் அம்மா தங்கம்.

"ரெண்டு தடவ மாத்தியாச்சு."

"அப்ப உங்கப்பா ஏக்கந்தான். கட்டுன பொண்டாட்டியக்கூட அம்புட்டு ஆசையாப் பாத்ததில்ல அந்த மனுசன்." பையை எடுத்துக்கொண்டாள். "நாளைக்குப் பதினாறு. காரியம் முடிஞ்சா நிம்மதியாப் போயிருவாரு. சாமான் வாங்கிட்டு வாரேன்."

அம்மா இறங்கியதும் பாண்டிச்செல்வி கதவைத் தாழ்போட்டாள்.

கப்பலூர் கம்பெனியில் பிரஸ் மெஷினுக்கு மோதிரவிரலையும், தூசிக்கு நெஞ்சையும் கொடுத்து அவளை எம்.காம் படிக்கவைத்தவர் அப்பா அழகுராஜா. அவருக்குக் கொள்ளி வைக்கப் போனவளை, "பொட்டப்புள்ளைக்கு இங்க என்ன வேல? படிச்ச திமிரா?" என்று சுடுகாட்டு வாசலிலேயே மறித்தார் பெரியப்பா. மறுநாள் வைகையில் கரைக்க வேண்டிய சாம்பல் கலயத்தை ஆட்டோவில் வைத்துவிட்டு அதே பெரியப்பா டீக்கடையில் நின்றார். அந்த நேரத்தில் ஒரு கை அள்ளி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டாள். என் அப்பாடா அவரு. அப்பா அரித்து அரித்துப் போட்ட தொட்டி மணலிலேயே மூன்று நாள் முன்பு அதைக் கலந்தாள். இங்கேயே இருக்கட்டும்.

இருந்தார்.

கரண்ட் போனது. ஃபேன் இழுத்து இழுத்து நின்றது, தொட்டியின் காற்று மோட்டார் அடங்கியது, கடைசிக் குமிழியும் மேலே வந்து உடைந்தது, வீட்டுக்குள் சாயங்கால வெளிச்சமும் மெஷின் ஆயில் வாடையும் மட்டும் மிஞ்சின. ஆனால் மோட்டார் இரைச்சலுக்கு அடியில் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் நிற்கவில்லை. கர்ர்ர் என்று உள்ளே இழுத்து, கொஞ்சம் தயங்கி, விசிலடித்துக்கொண்டு வெளியே வரும் இளைப்பு. பதினெட்டு வருசம் பக்கத்துப் பாயில் கேட்ட இளைப்பு.

தொட்டிக்குள் மணல் ஏறியது. இறங்கியது.

ஏறியது.

"விட்டுர்றேன்ப்பா." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "காலைல ஆத்துல விட்டுர்றேன். சத்தியமா."

டிபன் பாக்ஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையைத் தண்ணீருக்குள் விட்டாள். மணல் வெதுவெதுப்பாக இருந்தது. ரெண்டு விரல்கடை மணல்தான். அதற்குக் கீழே கண்ணாடி.

கை மணிக்கட்டு வரை இறங்கியது.

கண்ணாடி தட்டவில்லை.

இளைப்பு நின்றது.

கட்டைவிரல் முதலில் பிடித்தது. பிறகு ஆள்காட்டி விரல். நடுவிரல். ஒரு இடைவெளி. பிறகு சுண்டுவிரல்.

வாசலில் செருப்புச் சத்தம். "கதவத் தெறடி, கை நெறைய சாமான் வச்சிருக்கேன்."

பிடி இறுகியது. மேலே நின்ற மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவள் மணிக்கட்டைச் சுற்றிச் சாதுவாகப் படுத்துக்கொண்டு, மூன்று நாள் பசியோடு மீசையால் துழாவத் தொடங்கின.