சொக்கப்பன் வீட்டுக் கண்ணாடி மயில்

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. காஜா பெராங் பகுதியில் கலியாணசுந்தரம் வீட்டுக்குள் பாக்கியலட்சுமி நுழைந்தபோது அவள் சேலையில் கணவன் சுப்பையனின் ரத்தம் காய்ந்திருந்தது. தெருவே திரண்டு கட்டையால் அடித்ததில் அவனுக்கு விலா எலும்பு முறிந்துவிட்டது; போலீஸ் காவலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்தாலும் தூக்குதான் என்று அடித்தவர்களே அவளுக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள்.

கலியாணசுந்தரம் முப்பது வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஒரே பொய்யை மூன்று மொழியில் கேட்டுப் பழகியவர். உடனிருந்த ஜெயா பள்ளி ஆசிரியை. விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுவது அவள் வழக்கம்.

"இன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்காரரு சொக்கப்பன் வீட்டுக் கூடத்துல வண்ணக் கண்ணாடி சன்னல் பொருத்துனாருங்கய்யா" என்றாள் பாக்கியலட்சுமி. "மெர்டேக்கா வரைக்கும் என்ன படம்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சொக்கப்பன் சொல்லியிருந்தாரு. ரெண்டு பக்கமும் பேப்பர் ஒட்டித்தான் கொண்டு போனோம். பதினொரு மணிக்கு, சரியா ஒக்காந்திருக்கான்னு பாக்கப் பேப்பரைக் கிழிச்சுட்டுச் சாப்பிட வந்தாரு. திரும்பிப் போனா சொக்கப்பன் மண்டை பொளந்து கெடக்காரு. பக்கத்துல இவரோட சுத்தியல்."

"இவர்தான் செஞ்சாருன்னு யாரு சொன்னது?"

"எதிர்வீட்டு சேதுபதி. தெங்கேராவுல ஒருத்தனக் கத்தியால குத்துனது அவன்தான்னு சொக்கப்பன் சாட்சி சொல்ல இருந்தாரு."

"அப்புறம் என்ன சார், அவனேதான்" என்றாள் ஜெயா.

"சந்தேகத்த வச்சு யாரையும் உள்ள போட முடியாதும்மா" என்றார் கலியாணசுந்தரம்.

மறுநாள் நடுப்பகல். போலீஸ் பூட்டி வைத்திருந்த கூடத்தை இன்ஸ்பெக்டர் கருணாகரன் திறந்தார். தரையில் ரத்தம் கறுத்து உறைந்திருந்தது. சன்னல் வழியே நீலமும் சிவப்புமாக வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. வேறு சன்னல் இல்லாத அந்த இருட்டறையில், காலடியில் செம்பருத்தி பூத்த கண்ணாடி மயில் அத்தனை அழகாக இருந்தது ஜெயாவுக்கு எரிச்சலாக இருந்தது.

கலியாணசுந்தரம் இருவரோடும் வெளியே ரோட்டுக்கு வந்து, அங்கே நின்ற சேதுபதியிடம் அவன் பார்த்ததைக் கேட்டார்.

"இங்கதான் சைக்கிளோட நின்னேன்லா. மயில் கழுத்து நீலம், காலடியில செம்பருத்தி, அப்படியே ஜொலிச்சுது. அதுக்குப் பின்னால சுப்பையன் சுத்தியல ஓங்குனான். ஒரே போடு. கத்திக்கிட்டே நேரா ஸ்டேஷனுக்கு ஓடிட்டேன்."

"உள்ளே போகலியா?"

"அந்த வீட்டு வாசப்படி மிதிச்சே வருஷமாச்சு. நேத்து ஸ்டேஷன்லயும் அதத்தான் சொன்னேன்."

கலியாணசுந்தரம் ஜெயாவைத் திரும்பிப் பார்த்தார். "சன்னல்ல என்ன தெரியுது?"

ஜெயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியல சார். கரும்பலகை மாதிரி இருக்கு. ஈயப் பட்டை மட்டும் கோடு கோடா."

"வெயில் நம்ம பக்கம் இருக்கு. வண்ணக் கண்ணாடி இருட்டுல நிக்கிறவனுக்குத்தான் நிறம் காட்டும். நேத்தும் இதே நேரம், இதே வெயில். சேதுபதி, பதினொரு மணி வரைக்கும் அதுல பேப்பர் ஒட்டியிருந்துச்சு. கொலை நடந்ததும் நீ ஸ்டேஷனுக்குப் போயிட்டே, வீட்டப் பூட்டிட்டாங்க. செம்பருத்திய எப்போ பார்த்தே? சுப்பையன் சாப்பிடப் போன நேரத்துல நீ கூடத்துக்குள்ள நின்னிருக்கே."

சேதுபதி இடுப்பிலிருந்து கத்தியை உருவிப் பாய்ந்தான். கலியாணசுந்தரத்தின் முன்கை முழங்கை வரை கிழிந்தது. ஜெயா சுவரோரம் நின்ற ஒரு சைக்கிளைத் தூக்கி அவன் மேல் தள்ளினாள். விழுந்தவனின் முதுகில் இன்ஸ்பெக்டர் முழங்காலை ஊன்றிக் கையை முறுக்கினார். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது.

"சாட்சி சொன்னா கொன்னுடுவேன்னு சொன்னேன், கேக்கல" என்று மண்ணைத் துப்பினான் சேதுபதி.

வேடிக்கை பார்க்கத் தெரு மறுபடியும் கூடிவிட்டது. எல்லார் முகத்திலும் ஒரு சங்கடம், அதற்குமேல் ஒன்றுமில்லை.

"இன்னிக்கே ஒன் புருஷன விட்டுடுவோம்மா. வீட்டுக்குப் போ" என்று கூட்டத்தை விலக்கி வந்த பாக்கியலட்சுமியிடம் சொல்லி, கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை மூடினார் இன்ஸ்பெக்டர்.

பாக்கியலட்சுமி நகரவில்லை. "ஒங்க புஸ்தகத்தக் கீழ வைக்காதீங்கய்யா. அவர அடிச்சவங்க எல்லாம் இங்கதான் நிக்கிறாங்க. எழுதிக்குங்க" என்றாள்.

கூட்டம் பின்னுக்கு நகர்ந்தது. அவள் கை நீட்டினாள்.

"மொத ஆளு பொன்னுதுரை."