ஜாஃபா ஏற மறுத்த வண்டி

ஜீப்பின் கதவைத் திறந்தால் போதும், நாய் ஜாஃபா ஒரே தாவலில் பின் இருக்கைக்குப் போய், சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தெற்கே பல்லாரட் ஊரின் குளிரிலிருந்து புறப்பட்ட நாள் முதல் அதை யாரும் இரண்டாம் முறை அழைத்ததில்லை. அன்று காலை நோலீன் தொண்டை வறள அழைத்தும் அது வரவில்லை. ஜீப் இழுத்து வரும் சக்கர வீடான கேரவனுக்கு அடியில் சக்கரத்தோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, ஆற்றுப் பக்கமே பார்த்து முனகிக்கொண்டிருந்தது.

"என்னடா செல்லம், முள்ளு குத்திருச்சா?"

மண்டியிட்டு அதன் பாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். முள் இல்லை, உண்ணி இல்லை. செம்பட்டை உடம்பு மட்டும் விடாமல் நடுங்கியது.

அவள் கணவர் மெர்வின் அப்போதுதான் ஆற்றிலிருந்து திரும்பியிருந்தார். விடிந்ததும் தூண்டிலோடு போனவர், தூண்டில் இல்லாமல், வாளி இல்லாமல், காலில் செருப்புகூட இல்லாமல், தலையிலிருந்து கால்வரை நனைந்து, மடக்கு நாற்காலியின் அருகே நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. நின்றார்.

"எங்க தூண்டில்?"

"வழுக்கிடுச்சு."

"தூண்டில் வழுக்குச்சா, நீ வழுக்குனியா?"

"வழுக்கிடுச்சு."

பயம் வந்தால் அவளுக்குத் திட்டத்தான் வரும். "முதலை இருக்குன்னு இம்மாம் பெரிய பலகை வெச்சிருக்கான், படிக்கத் தெரியாதா கிழவா? மீனு வேணும்னா கடையில டப்பா டப்பாவா விக்குது. உன்னைத் தூக்கிட்டுப் போயிருந்தா இந்தக் காட்டுல நான் யாரைப் போய்க் கூப்பிடுறது?"

மற்ற நாளாக இருந்தால், இந்தத் தோலைக் கடிக்கிற முதலைக்குப் பல் வைத்தியம் யார் பார்ப்பது என்று ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைத்திருப்பார். அன்று அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். தாடியிலிருந்து நீர் சொட்டியது.

"கிளம்பிடலாம், மெர்வ்," என்றாள் அவள்.

"கிளம்பிடலாம்," என்றார்.

அந்த ஆற்றங்கரையில் அவர்களைத் தவிர வேறு வண்டி இல்லை. வெயில் காலம் தொடங்கியதுமே கேரவனில் ஊர்சுற்றும் மற்றக் கிழவர்கள் எல்லாம் தெற்கே திரும்பிவிட்டார்கள். மெர்வின்தான் பிடிவாதம் பிடித்தார். ரயில் பட்டறையில் காலமெல்லாம் இரும்புச் சத்தம் கேட்டுக் காது புளித்துவிட்டது, வடக்கே முதல் மழை காட்டின் மேல் நடந்து வரும் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் வருவேன் என்றார். நோலீனும் சரி என்றாள். திரும்பிப் போக வீடு என்று ஒன்று இல்லை. அதை விற்றுத்தான் இந்தக் கேரவனை வாங்கியிருந்தார்கள். பிள்ளைகளும் வாய்க்கவில்லை. அவர், அவள், காப்பகத்திலிருந்து எடுத்து வந்த ஜாஃபா. அவ்வளவுதான் குடும்பம்.

கடைசியில் நாயைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. இருக்கையில் ஏறாமல் கீழே கால்வைக்கும் இடத்தில் சுருண்டுகொண்டு அங்கேயே சிறுநீர் கழித்தது. ஜீப்பின் பின்னால் கேரவன் பூட்டியிருக்கும்போது நோலீனை ஓட்டவே விடாத மெர்வின், இடப்பக்க இருக்கையில் போய் உட்கார்ந்தார். சாவி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

செம்மண் சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கறையான் புற்றுகளும் இலை கருகிய மரங்களும். மேகம் கறுத்துக் குவிந்து, உறுமி, ஒரு சொட்டும் விழாமல் கலைந்து, மறுபடி குவிந்துகொண்டிருந்தது. வண்டிக்குள் குளிர்சாதனம் முழு மூச்சில் ஓடியும், அழுகிய இலையும் சேறும் பழைய மீன் செதிலும் கலந்த ஒரு வாடை, முதலில் லேசாகவும் பிறகு தொண்டையில் ஒட்டிக்கொள்வது போலவும், பக்கத்து இருக்கையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. சட்டையை மாற்றிக்கொள் என்று புறப்படும்போதே சொல்லியிருந்தாள். மாற்றவில்லை. அந்த வெயிலுக்கு, அந்தக் காற்றுக்கு, எந்தத் துணியும் சீக்கிரம் காய்ந்துவிடும். அவர் சட்டை காயவில்லை. இருக்கையின் விளிம்பிலிருந்து ஒரு நீர்க்கோடு மெல்ல இறங்கி, அவள் பக்கமாக ஊர்ந்து வந்தது.

வழியில் ஒரு மர நிழலில் வண்டியை நிறுத்தினாள். பக்கவாதமாக இருக்குமோ என்று தோன்றியிருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். நர்சுகள் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கொஞ்சம் தெரியும்.

"மெர்வ், ரெண்டு கையையும் தூக்கு."

தூக்கினார். இரண்டும் சமமாக நின்றன.

"சிரி பாப்போம்."

சிரித்தார். வாய் கோணவில்லை. அதே சிரிப்புத்தான், இடது பக்கம் சற்றுத் தூக்கலாக, அவள் கல்யாணம் கட்டிக்கொண்ட சிரிப்பு. நிம்மதியாக மூச்சு விட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்து, மூடி திருகி, வண்டியைக் கிளப்பித் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போதும்," என்றாள். சிரிப்பு நின்றது.

ஊர் என்று சொல்ல ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மதுக்கடை, மாமரங்களுக்குக் கீழே கேரவன்களை நிறுத்தித் தங்க ஒரு பூங்கா. பூங்காவை நடத்துகிற ஷெரில் குட்டைக் கால்சட்டையில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து குளியலறைச் சாவியை நீட்டினாள்.

"இந்தப் புழுக்கத்துல சுத்துறீங்களே, உங்க ரெண்டு பேருக்கும் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? எங்க வேணா நிறுத்திக்க கண்ணு. பூங்காவே உனக்குத்தான்."

"இங்க டாக்டர் இருக்காரா?"

"நர்சம்மாதான். நாளன்னைக்கு வரும். ஏன், யாருக்கு என்ன?"

"அவருக்கு வெயில் ஒத்துக்கல போல."

ஷெரில் எட்டி ஜீப்பைப் பார்த்தாள். "நல்லாத்தானே உக்காந்திருக்காரு. சிரிக்கிறாரே."

நோலீன் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மாமரங்களிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வானத்தை மறைத்துக்கொண்டு போயின. நோலீன் தேநீர் போட்டாள். மூன்று கரண்டிச் சர்க்கரை. அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது ஆறி, ஆடை படர்ந்து, அதில் ஒரு பூச்சி விழுந்து துடித்து ஓயும் வரை, அப்படியே வைத்திருந்தார். அவள் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். உலர்ந்த சட்டையைப் போட்டுவிட்டுக் கீழிருந்து பொத்தான் மாட்டிக்கொண்டு வந்தாள். கழுத்துப் பொத்தானை எட்டுவதற்குள் அந்தச் சட்டையும் முதுகில் ஈரமாகியிருந்தது. தோல் சில்லென்றிருந்தது. அந்தப் புழுக்கத்தில், சில்லென்று.

கடைசிக் காலத்தில் அவள் அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோனது. அந்த நினைப்பு வந்ததும் நோலீன் அவர் முன்னால் குந்தி, முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

"மெர்வ். என்னைப் பாரு. என் பேரு என்ன, சொல்லு."

அவர் வெகுநேரம் அவளைப் பார்த்தார். உதடுகள் பிரிந்தன.

"என் பேரு," என்றார்.

நோலீன் அவர் மடியில் தலையை வைத்து அழுதாள். வெளியே, தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்த ஜாஃபா கயிற்றை இழுத்து இழுத்து ஊளையிட்டது. அவள் கன்னம் நனைந்தது. எவ்வளவு அழுதாலும் அவ்வளவு நனைய முடியாது என்று பிறகுதான் உறைத்தது. எழுந்துகொண்டாள். படுக்கைக்கு வரச் சொன்னாள். அவர் வரவில்லை. மேசையருகே உட்கார்ந்தபடியே இருந்தார். அவள் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

காலையில் குழாயடியில் கயிறு மட்டும் கிடந்தது. நுனி கடித்துக் குதறப்பட்டிருந்தது.

"விடியுறப்பவே ரோட்டோட ஓடிச்சே," என்றாள் ஷெரில். "நீங்க வந்த பக்கமாத்தான். நானும் கத்திப் பாத்தேன், திரும்பிக்கூடப் பாக்கல."

கேரவனைக் கழற்றிவிட்டு, "இங்கயே இரு, வந்துடுறேன்," என்று மெர்வினிடம் சொல்லிவிட்டு, ஜீப்பை எடுத்தாள். புற்றுக்குப் புற்று நின்று கூப்பிட்டாள். மாடு ஏற்றிய நீள லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்தபோது, சக்கரத்தடியில் செம்பட்டையாக ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. ஆற்றங்கரையை அடையும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

முந்தின நாள் அவர்கள் தங்கிய இடத்தில் ஒரு போலீஸ் வண்டியும் காட்டிலாகா வண்டியும் நின்றன. காகிதம் போல் பட்டை உரியும் மரங்களுக்குக் கீழே ஒரு நீலத் தார்ப்பாயால் எதையோ மூடியிருந்தார்கள். அதன் ஓரத்தில் ஜாஃபா படுத்திருந்தது. முகவாயைத் தார்ப்பாயின் மேல் வைத்திருந்தது.

காட்டிலாகாச் சட்டை போட்ட ஒருவர், அந்த மண்ணின் பூர்வகுடி, தலை நரைக்கத் தொடங்கியவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளிடம் வந்தார். சட்டையில் எல்டன் என்று பெயர் தைத்திருந்தது.

"அங்கயே நில்லுங்கம்மா. பாக்க வேணாம். நல்லா இல்ல."

"என்ன ஆச்சு?"

"முதலை. நேத்து காலையிலயா இருக்கும். ஒருத்தரை இழுத்துட்டுப் போய்த் தண்ணிக்கடியில வேர்ல செருகி வெச்சிருந்துச்சு. இந்த நாய் இல்லன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கரையில நின்னு ஒரே இடத்தைப் பாத்துக் கொலைச்சுக்கிட்டே இருந்துச்சு." அவர் குரல் தணிந்தது. "வயசானவரு. வண்டி இல்ல, கூடாரம் இல்ல, காணோம்னு தேடுறவங்களும் இல்ல. தனியாளு போல. பாவம், யாருமில்லாமச் செத்திருக்காரு."

நோலீன் தார்ப்பாயைப் பார்த்தாள்.

காற்று தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கியது. ஒரு பாதம். வெளுத்து, ஊறி, சுருங்கி. சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. இடுப்பு வலியால் அவருக்குக் குனிய முடியாது என்று, போன ஞாயிற்றுக்கிழமை அவள்தான் அந்த நகங்களை வெட்டிவிட்டாள். கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு சிரித்தார். சும்மா இரு கிழவா என்று கணுக்காலில் ஓர் அடி கொடுத்தாள்.

மூலை மறுபடி படிந்தது.

ஜாஃபா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. வாலை ஒரு தரம் தரையில் அடித்தது. எழுந்து வரவில்லை. நீ வா என்பது போல் பார்த்தது.

"உங்க நாயாம்மா?" என்றார் எல்டன்.

அவர் யாருமில்லாதவர் இல்லை, என்னவர், என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அந்தத் தார்ப்பாயை விலக்குவார்கள். கையெழுத்து வாங்குவார்கள். ஒரு பெட்டி. ஒரு குழி. பிறகு அந்த நீளமான செம்மண் சாலையில், பக்கத்து இருக்கை காலியாக, அவள் மட்டும். சொல்லாவிட்டால், மாமர நிழலில், மேசையருகே, அவர் உட்கார்ந்திருக்கிறார்.

"இல்ல," என்றாள் நோலீன். "என் நாய் இல்ல."

"தனியாவா வந்தீங்க?"

"என் வீட்டுக்காரர் கேரவன்ல இருக்காரு."

ஜீப்பைத் திருப்பினாள். பின்னால் ஜாஃபா குரைத்தது. ஒரு முறை. பிறகு இல்லை. அழுகையில் சாலை தெரியவில்லை. அப்படியும் நிறுத்தாமல் ஓட்டினாள்.

பூங்காவுக்கு வந்தபோது இருட்டியிருந்தது. எங்கோ புதருக்குள் கர்லூ பறவைகள் பெண் அலறுவது போல் கத்தின. கேரவனுக்குள் விளக்கு இல்லை. படியில் ஈரம். கதவுப் பிடியில் ஈரம். அவள் விளக்கைப் போடவில்லை.

மேசையருகே அவர் இல்லை. படுக்கையில் இருந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி, அவளுக்கு இடம் விட்டு. அவள் படுப்பது போலவே முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார்.

செருப்பைக் கழற்றினாள். ஏறினாள். மெத்தை பிழிந்தெடுக்கலாம் போல் ஊறியிருந்தது. அந்த வாடை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"மெர்வ்," என்றாள். அது இங்கே படுத்திருப்பதன் பெயர் அல்ல, அந்தப் பெயருக்கு உரியவர் ஆற்றங்கரையில் கிடந்தார். அப்படியும் சொன்னாள்.

முதுகில் உள்ளங்கையை வைத்தாள். அகலமான முதுகு. குளிர்ச்சி.

அசைவில்லை. மூச்சில்லை.

காத்திருந்தாள்.

பிறகு, அவள் கைக்கடியில், முதுகு மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. அவள் மூச்சை இழுத்தபோது அதுவும் இழுத்தது. அவள் விட்டபோது விட்டது.

நோலீன் மூச்சை அடக்கினாள்.

அதுவும் அடக்கியது.

இருட்டில், தலையணையின் மேல், ஈரத் தலை அவள் பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. அடுத்த மூச்சை அவள் எப்போது எடுப்பாள் என்று பார்ப்பதற்காக.