கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"சொல்லுங்க... உங்க வீட்டுல என்ன பிரச்சினை?"

அவள் கனிவாகக் கேட்டாள். எதிரே இருந்தவன் அவளைவிடக் கனிவாகத் தலையாட்டினான்.

"நீங்க சொல்லுங்க... நான் கேட்டுக்கிறேன்."

குடும்பவியல் படிப்பின் கடைசி வருடச் செய்முறைத் தேர்வு இது. ஒருவர் ஆலோசகர், வேறு பிரிவிலிருந்து வருபவர் பிரச்சினையோடு வந்தவராக நடிக்க வேண்டும். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் தெரிவதென்னவோ தன் முகம்தான். ஆனால் அந்தப் பக்கம் பேராசிரியை உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பார், மேஜை மேலிருக்கும் மைக் வழியாகக் கேட்பார்.

"இங்க நான்தான் ஆலோசகர்..." பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு புரியுது."

"உங்களை ஓங்கி அறையணும் போல இருக்கு!"

"கோபம் வருதுன்னு சொல்றீங்க..."

பாவி, பாடத்தை அப்படியே ஒப்பிக்கிறான்! துறை அலுவலகத்தில் யாரோ கவனமில்லாமல் இரண்டு பேரையும் ஆலோசகராகப் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள். இரண்டு ஆலோசகர்கள் மாறி மாறிக் கனிவு காட்டிக்கொண்டிருந்தால் தேர்வு விளங்கின மாதிரிதான். அவன் முடியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. கண்களில் அடக்கிவைத்த சிரிப்பு... நல்ல கண்கள். இந்த நேரத்தில் இது தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

யாராவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். அவளே விட்டுக்கொடுத்தாள். நடிக்க எதையும் யோசித்து வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"எங்கப்பா கதவுல சாவி போடுற சத்தத்தை வச்சே அன்னைக்கு நிலவரம் தெரிஞ்சிடும். அம்மா உடனே ரேடியோவை அணைச்சிடுவாங்க. நான் மூச்சு கூட மெதுவாத்தான் விடுவேன்... போன வாரம் அம்மா கையைப் பிடிச்சு..."

அவன் சட்டென்று எழுந்து மைக் வயரைப் பிடுங்கினான்.

"போதும்... மேல சொல்லாதீங்க."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, என்ன உளறினேன்! பேராசிரியை எங்க வீட்டுக்குப் போன் செய்தால்? அப்பா எடுத்தால்? வெளியே ஓடினாள். வராந்தாவில் மழைச் சாரல் முகத்தில் அடித்தது.

"நில்லுங்க... நீங்க நடிக்கலைன்னு புரிஞ்சுது." பின்னாலேயே வந்தவன் மூச்சு வாங்கினான். "நடிக்கிறவங்க என்னைப் பார்த்துப் பேசுவாங்க. நீங்க கதவையே பார்த்துப் பேசினீங்க. அதான்..."

"உங்க மார்க்கும் போச்சே!"

"போகட்டும்."

"உங்க பரிதாபம் எனக்கு வேண்டாம்!" வெடுக்கென்று சொல்லிவிட்டு நடந்தாள். உண்மையில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் பேராசிரியை கூப்பிட்டு அனுப்பினார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

"உன்னைக் கேட்காம உங்க வீட்டுக்கு எதுவும் போகாதும்மா. அம்மாவைக் கூட்டிட்டு வர முடியுமா?"

கூட்டி வந்தாள். அம்மா முதன்முதலாக வாய் திறந்தாள். இப்போது இருவரும் சித்தி வீட்டில் இருக்கிறார்கள். ஆனாலும் தெருவில் யாராவது குரலை உயர்த்தினால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். அப்பா இங்கேயும் வந்துவிட்டால் என்ற நினைப்பு விட்டபாடில்லை.

அவனோ தினமும் நூலகப் படிக்கட்டில் நின்றான். பேச வரவில்லை, சும்மா ஒரு புன்னகை. அவள் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போவாள். நல்லவனாகத்தான் தெரிகிறான்... அப்பாவும் கல்யாணத்துக்கு முன்னால் அப்படித்தானாம். அம்மா சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஒரு நாள் படிக்கட்டு காலியாக இருந்தது.

அப்பாடா என்று இருக்க வேண்டாமா? அவளுக்குப் பகீரென்றது. மறுநாளும் அவன் இல்லை. வெட்கத்தை விட்டு அவன் வகுப்பு வாசலுக்கே போய்விட்டாள். அவளைக் கண்டதும் அவன் கையிலிருந்த பேனா நழுவியது.

"ஏன் வரலை?"

"நான் வந்து நிக்கிறதே உங்களுக்குப் பயமா இருக்கோன்னு..." தயங்கினான். "உங்களைப் பார்க்காம இருக்க முடியலைங்க. ஆனா என்னால நீங்க பயப்படுறதை அதைவிடத் தாங்க முடியலை."

அவள் கண்ணில் நீர் திரண்டது. சுற்றிலும் பார்த்தாள். ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது... ஓடவில்லை.

"பயம்தான்... எனக்கு எல்லாத்துக்கும் பயம். ஒருத்தர் வந்துடுவாரோன்னு பயந்தே வளர்ந்தேன். ஒருத்தர் வராம போயிடுவாரோன்னு பயந்தது இந்த ரெண்டு நாள்தான்." கீழே கிடந்த பேனாவை எடுத்து நீட்டினாள். "நாளைக்கு வா... எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு."