ஐந்தாம் லைன்

இரண்டு வருடமாக மண்ணுக்கடியில் கிடக்கும் ஒரு கம்பியிலிருந்து, அன்று மதியம் இரண்டு பத்துக்கு, யாரோ தன் பெயரை அடித்து உள்ளே வரப் பார்த்திருந்தார்கள்.

கலைமணி மெஷினின் பதிவில் அந்த வரியை முதலில் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டாள். நான்கைந்து வரி கீழே போன பிறகுதான் மனதில் என்னவோ இடறியது. திரும்பி மேலே வந்தாள். ஐந்தாம் லைன். பெயர்: தனபால். அப்படி ஒருவர் பதிவில் இல்லை. அனுமதி மறுக்கப்பட்டது.

வாசலூர்பட்டிக்கு மேலே, காப்பித் தோட்டத்தின் நடுவில் கம்பெனி ஆபீஸுக்காக வாடகைக்கு எடுத்திருந்த ஓட்டு வீடு அது. பழைய கம்ப்யூட்டர் மெஷினை அடுத்த வாரம் கழற்றிவிட்டுப் புதியது வைக்கப் போகிறார்கள், எந்தெந்த லைன் வேண்டும் என்று பட்டியல் எடுப்பதற்காகக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி வந்திருந்தாள். மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி ஜன்னலில் அப்பிக்கொண்டது. தாழ்வாரத்தில் சாக்கின்மேல் காயாமல் கிடந்த மிளகின் வாசனையும், நனைந்த காப்பி இலையின் வாசனையும், அவற்றுக்கு அடியில் புதிதாகத் தோண்டிய மண்ணின் குளிர்ந்த வாசனையும் கதவிடுக்கு வழியாக மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தன.

அந்தச் சரிவில் ஐந்து சிமென்ட் அறைகள் கட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் மண் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கும் கருவிகளை வைத்து, பாதியை நிலத்துக்குள் புதைத்துக் கட்டியவை. ஒன்றாம் அறை ஆபீஸின் கொல்லையிலேயே இருந்தது. ஐந்தாம் அறை எல்லாவற்றுக்கும் கீழே, ஓடைக்கரையில். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் திரையும் கீபோர்டும் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி நிலத்துக்கடியில் ஏறி வந்து ஆபீஸ் மெஷினில் முடியும். செல்போன் எடுக்காத சரிவு என்பதால் கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் பேச அந்தக் கம்பி ஒன்றுதான் வழி.

கம்பிக்கு ஒரு லைன். லைனின் முனையில் ஒரு சின்ன புரோகிராம் வாசல்காவலைப்போல உட்கார்ந்து, யார் என்று கேட்டபடி இருக்கும். பெயரையும் கடவுச்சொல்லையும் சொன்னால் உள்ளே விடும். எந்த லைனில் அது உட்கார வேண்டும் என்பதை ஒரே ஒரு ஃபைல் தீர்மானிக்கும். ஆபீஸ் கீபோர்டின் லைனையும் சேர்த்து லைனுக்கு ஒரு வரி, வரியின் கடைசியில் ஆன் அல்லது ஆஃப். ஆஃப் என்று மாற்றி, ஃபைலை மறுபடி படி என்று மெஷினுக்குச் சொன்னால் அந்த லைனில் இருப்பவரின் திரை அந்த நொடியே செத்துவிடும். பிறகு அவர் எதைத் தட்டினாலும் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அவள் ஃபைலைத் திறந்து பார்த்தாள். ஐந்தாம் லைன் ஆஃபில்தான் இருந்தது. பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பு: கம்பி பழுது, நிறுத்தப்பட்டது, கலை. இரண்டு வருடத்துக்கு முந்தைய கார்த்திகை மாதத்துத் தேதி.

ஆஃபில் இருக்கும் லைன் யாருடைய பெயரையும் கேட்காது. கேட்க முடியாது.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சின்னான், தலையில் யூரியா சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஏனுங்கம்மா, பனி எறங்கிருச்சு. மாட்டை அவுத்து ஊட்டுல கட்டிப்போட்டு வாரேனுங்க. கதவைச் சாத்திக்குங்க."

"சின்னாண்ணா, அஞ்சாம் நம்பர் ரூம் பக்கம் யாராச்சும் போனாங்களா?"

அவன் விசித்திரமாகப் பார்த்தான். "அங்க ஏதுங்க ரூம்பு? மலை சரிஞ்சு அதும்மேல ரெண்டு பனை உசரத்துக்கு மண்ணு கெடக்குதுங்களே." கொஞ்சம் தயங்கினான். "அப்ப நாலு நாளு சத்தம் கேட்டுச்சுங்க. டொக்கு டொக்குன்னு. அடியில இருந்து. நாம்போயி மணிவண்ணன் சார்கிட்டச் சொன்னேன். பைப்புல காத்து அடைச்சிருக்குது, நீ போடான்னாரு. அப்புறம் நின்னு போச்சுங்க."

அவன் போன வழியைப் பனி மூடியது.

அந்தக் கார்த்திகையில்தான் தனபால் காணாமல் போனார். முள்ளுக்குறிச்சிக்காரர், ஐந்து அறைகளையும் பராமரித்தவர். ஐந்தாம் அறையைத் தப்பான இடத்தில் கட்டியிருக்கிறார்கள், காகிதத்தில் ஒன்று தரையில் ஒன்று என்று அறைகளைக் கட்டிய மேலதிகாரி மணிவண்ணனிடம் சதா சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மலை சரிவதற்கு முந்தின நாளே கோபித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டார், பஸ் ஏறியதை நானே பார்த்தேன் என்று மணிவண்ணன் எல்லாரிடமும் சொன்னார். அதனால் யாரும் மண்ணைத் தோண்டவில்லை. தனபாலின் மனைவி அத்தாயி ஒரு மாதம் கழித்து இதே வாசலுக்கு வந்து நின்றாள். "அவரு சொல்லாமக் கொள்ளாமப் போற ஆளில்லீங்க" என்றாள். கலைமணிதான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, அவர் வேலையை விட்டுட்டுப் போயிட்டாருங்க, மனசைத் தேத்திக்குங்க என்று சொல்லி அனுப்பினாள். மணிவண்ணன் சொன்னதை அவள் ஏன் சந்தேகிக்க வேண்டும்? கூடப்பிறந்தவன் இல்லாத அவளுடைய கல்யாணத்தில் அண்ணன் முறைக்கு நின்றவர் அவர்.

ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். அங்கே போய் நின்று சேலத்தில் இருந்த மணிவண்ணனுக்குப் போன் போட்டாள்.

"என்ன கண்ணு, பட்டியல் முடிஞ்சுதா?"

"இல்லீங்கண்ணா. அஞ்சாம் லைன்ல இருந்து யாரோ லாகின் பண்ணப் பாத்திருக்காங்க. இன்னைக்கு மதியம்."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"என்ன எழுதறான்?" என்றார் மணிவண்ணன்.

யார் என்று அவர் கேட்கவில்லை. கம்பி அறுந்துதானே கிடக்கிறது என்று கேட்கவில்லை. எழுதறான் என்றார்.

"அண்ணா, தனபாலண்ணன் பஸ் ஏறுனத நீங்க பாத்தீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? மெஷினை ஆஃப் பண்ணிட்டு பஸ்ஸுக்குக் கெளம்பு."

"பாத்தீங்களா, இல்லையா?"

அவர் பேச்சிலிருந்து கண்ணு என்ற செல்லம் போய்விட்டது. "இங்க பாரு கலை. லைனை ஆஃப் பண்ணுனது நானில்ல. ஃபைல்ல யாரு பேரு இருக்குது? தேதி போட்டு, நேரம் போட்டு, யாரு எழுதியிருக்கா? யோசிச்சுப் பேசு."

போன் அறுந்தது.

அவளுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. ஆறு மணி. அடுப்பில் பால். மணிவண்ணன் இதே ஆபீஸிலிருந்து கூப்பிட்டார். அஞ்சாம் கம்பி மழையில கெட்டுப்போச்சு, குப்பை குப்பையா எழுத்து வருது, நீ வீட்டுல இருந்தே உள்ள போயி ஆஃப் பண்ணிரு கண்ணு, எனக்கு இது கைவராது. ஒண்ணு, உள்ள நுழைஞ்சதும் மொதல்ல உன் திரைக்கு யாரும் மெசேஜ் எழுத முடியாதபடி தடுத்து வெச்சுக்கோ, இல்லீன்னா அந்தக் குப்பையெல்லாம் உனக்கும் வரும். சரிங்கண்ணா என்றாள். பால் பொங்குவதற்குள் வேலையை முடித்துவிட்டாள்.

அன்று வந்த அந்தக் குப்பை எழுத்துகளை அவர் அழித்திருப்பார். ஆனால் மெஷினை முழுதாக அறிந்தவர் இல்லை அவர். லைனுக்கு லைன் போகும் மெசேஜ்களுக்கு மெஷின் தானாக எடுத்து வைக்கும் நகல் ஒன்று உண்டு. அவள் தேடினாள். இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தனபால் அடித்த தமிழ்.

சார், கதவு தொறக்க மாட்டேங்குது. வெளிய மண்ணு. ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க.

சார், மெசேஜ் வருதா? பேட்டரி நாலஞ்சு நாளைக்கு வரும்.

சார், நீங்க படிக்கிறீங்கன்னு தெரியுது. உங்க பேரு லைன்ல இருக்குது. பதில் எழுதுங்க.

சார், ரூம்பைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். புள்ளைங்க மேல சத்தியம்.

இப்படி நான்கு நாட்கள். ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. பின்னர் கடைசி நாள் காலை, ஆறு பன்னிரண்டுக்கு:

கலை! உன் பேரு வந்திருக்குது. நீ இருக்கியா? சாமி, நான் உள்ள இருக்கறேன். நீ ஒருத்தர்கிட்டச் சொன்னாப் போதும்.

ஆறு பதின்மூன்றுக்கு: கலை, படிக்கிறியா?

ஆறு பதினான்குக்கு அவள் கட்டளை. ஐந்தாம் லைன் ஆஃப்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பெயரைத் திரையில் பார்த்த மனிதர் இருட்டில் எப்படிச் சிரித்திருப்பார் என்று தோன்றியது. அதன்பின் அந்தத் திரை செத்ததும் என்ன நினைத்திருப்பார் என்றும்.

எழுந்து ஓடியிருக்கலாம். சின்னானின் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. ஆனால் அவள் கைகள் ஃபைலைத் திறந்தன. ஐந்தாம் லைனை ஆன் ஆக்கினாள். மறுபடி படி என்று மெஷினுக்குச் சொன்னாள்.

ஒன்றும் நடக்கவில்லை. கூரையிலிருந்து பனி சொட்டியது. எங்கோ பலா இலை உதிர்ந்து விழுந்தது.

பிறகு, உள்ளே இருப்பவர்களின் பட்டியலில், அவள் பெயருக்குக் கீழே ஒரு பெயர் வந்தது. தனபால். ஐந்தாம் லைன். நீக்கப்பட்டுவிட்ட பெயர். மெஷின் அதை ஏற்றுக்கொண்டிருந்தது.

அண்ணா, அவர் என்னை ஏமாத்திட்டாருங்க, எனக்குத் தெரியாதுங்க என்று அடித்து அனுப்பினாள். எழுத்துகள் தடுக்கித் தடுக்கி விழுந்தன.

பதில் வந்தது.

தெரியும்னு நெனச்சேன்.

அவ்வளவுதான். அவள் இன்னொரு முறை எழுதினாள். அத்தாயி அக்காகிட்டச் சொல்லிர்றேன். ஆளுங்களக் கூட்டிட்டு வந்து தோண்டச் சொல்றேன்.

வேண்டாம். வெளிய வந்துட்டேன்.

பட்டியலைப் பார்த்தாள். தனபால். நான்காம் லைன்.

நான்காம் அறை ஓடைக்கு மேலே, மூங்கில் புதரை ஒட்டி இருப்பது. ஐந்திலிருந்து அங்கே வர ஆள் நடந்தால் கால் மணி நேரம் ஆகும்.

மறுபடி பார்த்தாள். மூன்றாம் லைன்.

வெளியே பனிக்குள் மண் சரியும் சத்தம். கூடையைக் கவிழ்த்ததுபோல. நின்று, மறுபடி. ஏதோ ஒன்று சரிவில் ஏறும்போது அதன் மேலிருந்து மண் உதிர்வது போல.

இரண்டாம் லைன்.

கதவு வரை போனாள். தாழைத் தொட்டாள். வீட்டுக்கு இருந்த ஒரே கதவு, ஒன்றாம் அறை இருக்கும் கொல்லையைப் பார்த்துத் திறப்பது. படிக்கட்டில் மூச்சு இல்லை, காலடி இல்லை. மண் மட்டும் உதிர்ந்தது. முதல் படியில். இரண்டாம் படியில்.

திரும்பி ஓடி வந்தாள்.

ஒன்றாம் லைன்.

அவள் ஃபைலைத் திறந்தாள். ஐந்து, ஆஃப். நான்கு, ஆஃப். மூன்று, இரண்டு. அவசரத்தில் தப்பு விழுந்தது. அழித்தாள். அடித்தாள். ஒன்று, ஆஃப். இந்த முறை யாரும் போன் செய்து சொல்லவில்லை. உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரிந்தே செய்தாள். மறுபடி படி.

உதிரும் சத்தம் நின்றது.

ஜன்னல் ஓரத்தில் போன் அதிர ஆரம்பித்தது. மணிவண்ணன். அதிர்ந்து அதிர்ந்து திண்டில் நகர்ந்தது. அவள் எடுக்கவில்லை. பட்டியலைக் கேட்டாள்.

ஐந்து லைன்களும் இல்லை. மிச்சம் இருந்தது அவள் உட்கார்ந்திருந்த ஆபீஸ் லைன் ஒன்றுதான். அதில் அவள் பெயர்.

அதற்குக் கீழே, அதே லைனில், தனபால்.

ஒரே கீபோர்டில் இரண்டு பேர்.

மண் வாசனை. கழுத்துக்குப் பின்னால். நனைந்த, வெளிச்சம் படாத, நாள்பட்ட மண். திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பவில்லை. தோளில் ஏதோ கொட்டியது. பொடிப்பொடியாக. கீபோர்டின் இடுக்குகளில் விழுந்தது.

பிறகு அவள் வலக்கையின் மேல் ஒரு கை வந்து அமர்ந்தது.

கனமான கை. ஓடைக் கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. விரல்களில் நகங்கள் இல்லை. நுனிகள் எலும்பு தெரியத் தேய்ந்திருந்தன, நான்கு நாட்கள் சிமென்டைச் சுரண்டிச் சுரண்டித் தேய்ந்ததைப்போல. அது அவளை இறுக்கவில்லை. அவசரப்படவில்லை. அவள் சுட்டுவிரலைப் பிடித்து, ஃபைலில் ஆன் என்று மிச்சமிருந்த ஒரே வரிக்குக் கொண்டுபோய், அதை அழித்து ஆஃப் என்று அடிக்க வைத்தது.