பல் விளக்கிய கார்

பாலக்கரைச் சந்தில் நிற்கும் நஜிமுதீனின் வாடகைக் கார் என்ன நிறம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சாம்பல் என்பார் ஒருவர். பச்சையாக இருக்கலாம் என்பார் இன்னொருவர். பால்காரர் மருதையைக் கேட்டால், "அதுக்கு நிறம்னு ஒண்ணு இருந்துச்சா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

உண்மையில் அது நீலம். நல்ல கருநீலம். நஜிமுதீனின் மகள் வஹீதாவுக்கு அது தெரியும். டிக்கியைத் திறந்தால் உள்ளே வெயில் படாத மூலையில் அந்த நீலம் அப்படியே இருந்தது. வெளியேதான் வெயிலும் மழையும் பட்டு எல்லாம் மங்கிவிட்டது.

வஹீதா ஐந்தாம் வகுப்பு படித்தாள். கார் எந்த நிறத்தில் இருந்தாலும் அவளுக்குக் கவலை இல்லாமல்தான் இருந்தது. அந்த வியாழக்கிழமை எதிர்வீட்டுப் பரக்கத் அலி வரும்வரை.

பரக்கத் அலியின் மகள் கமர் ஜஹானுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வாசலில் பந்தல்கூடப் போட்டாகிவிட்டது. அவர் வந்து நின்றார், தொண்டையைக் கனைத்தார், தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நஜிமு, ஒண்ணு சொல்லுவேன். மனசுல வச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கைலாசபுரத்துல இருந்து வர்றாங்க. புது ஃபேக்டரியில வேலை. நாலு பேரு பாக்குற இடம். பொண்ணு மாப்பிள்ளையை ஏத்திட்டுப் போக வேற வண்டிக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன். உங்க வண்டி கொஞ்சம் மங்கிப் போச்சு, பாருங்க."

"அதனால என்னண்ணே. உங்க இஷ்டம்" என்றார் நஜிமுதீன்.

சொல்வதற்கென்ன, சொல்லிவிட்டார். ஆனால் கமர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என் கல்யாணத்துக்கு நீங்கதான் என்னை ஏத்திட்டுப் போகணும் சாச்சா" என்று கேட்டவள். "நானே ஓட்டுறேன், இன்ஷா அல்லாஹ்" என்று வாக்குக் கொடுத்தவர் நஜிமுதீன். அந்தச் சந்துக்கே தெரிந்த வாக்கு அது. அந்த வியாழக்கிழமை ராத்திரி அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. வஹீதா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நம்ம கார் மின்னணும்" என்றாள் தம்பி ஜமாலிடம்.

"எப்படிக்கா மின்னும்?"

"உன் தலை எப்படி மின்னுது?"

"அம்மா எண்ணெய் தேய்ப்பாங்க."

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. மறுநாள் அத்தா விடியற்காலைத் தொழுகைக்குப் போன நேரத்தில் அம்மா ரோஷன் பேகத்தின் தேங்காயெண்ணெய் பாட்டில் காலியாயிற்று. கார் பளபளவென்று ஆகிவிட்டது. தொழுகை முடிந்து வந்த நஜிமுதீன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "கழுவினீங்களா? நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாக வண்டியை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனார்.

அது ஆடி மாதம். ஆடிக்காற்று என்றால் சும்மாவா? காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் ரோட்டில் இருந்த புழுதி மொத்தமும் காருக்கு வந்து சேர்ந்துவிட்டது. சாயங்காலம் சந்துக்குள் திரும்பி வந்தபோது, அது ரவையில் புரட்டிய மீன் மாதிரி இருந்தது.

"ஸ்ரீரங்கத்துக்கு வக்கீல் தேசிகன் ஐயாவை ஏத்திட்டுப் போனேன்" என்றார் நஜிமுதீன். "இறங்கறப்போ பாத்தா வேட்டியெல்லாம் எண்ணெய். 'என்னப்பா நஜிமுதீன், வண்டிக்கு அப்யங்கமா? சீயக்காய் தேய்க்க மறந்துட்டியே'ன்னார்."

ஜமால் அக்காவின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"நான்தான் அத்தா" என்றாள் வஹீதா.

நஜிமுதீன் கோபப்படவில்லை. அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "அந்த பெயின்ட் செத்துப் போச்சு கண்ணு. செத்ததுக்கு எண்ணெய் தேய்ச்சு என்ன செய்ய? விட்டுடு" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. வஹீதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சீயக்காய்த் தூளைக் கரைத்தாள். வக்கீல் ஐயா வேடிக்கைக்குச் சொன்னதுதான், ஆனாலும் எண்ணெய் போக வேண்டுமே. இருட்டுவதற்குள் எண்ணெயும் புழுதியும் போய்விட்டன. கார் பழையபடி மங்கலாக நின்றது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. ஜமால் காரின் மட்கார்டில் சாய்ந்துகொண்டு பல் விளக்கினான். பல் விளக்கும்போது பேசக் கூடாது என்று அவனுக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. வாயிலிருந்து வெள்ளைப் பல்பொடி நுரை மட்கார்டு மேல் ஒழுகியது.

"நேத்து எண்ணெய், சீயக்காய். இன்னிக்கு எச்சிலா? தள்ளுடா" என்று வஹீதா அத்தாவின் கிழிந்த பனியனை எடுத்து அழுத்தித் துடைத்தாள்.

துணியைப் பார்த்தாள். நீலம்.

எட்டிப் பார்த்த ஜமால் வாயில் நுரையோடு, "அக்கா, காருக்கு ரத்தம் வருது" என்றான்.

"வாயை மூடு."

ஈரத்துணியால் அந்த இடத்தை மெதுவாக ஒற்றி எடுத்தாள். மட்கார்டில் ஒரு தோசைக்கரண்டி அளவுக்கு இடம் கருநீலமாக மின்னியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் விரலால் தடவினாள். பக்கத்தில் மங்கிய இடம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரத்தது. இந்த இடம் வழுவழுவென்று இருந்தது. எண்ணெயின் பிசுபிசுப்பும் இல்லை.

வஹீதா சட்டென்று வேலையில் இறங்கவில்லை. ஒரு முறை சூடு பட்டது போதும். காரின் பின்பக்கம் போய்க் குனிந்து, யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில் ஒரு சிட்டிகை பல்பொடியை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தாள். அங்கேயும் நீலம் வந்தது. அப்புறம்தான் கதவுக்கு வந்தாள்.

"ரொம்ப அழுத்தக் கூடாதுடா. உன் பல்லா இருந்தா எப்படித் தேய்ப்பே?"

"தேய்க்கவே மாட்டேன்" என்றான் ஜமால்.

பாதிக் கதவுகூட முடியவில்லை. பின்னால் அத்தாவின் குரல் கேட்டது.

"வஹீதா, கையை எடு."

அவர் அவள் கையில் இருந்த துணியைப் பார்த்துவிட்டார். துணி முழுக்க நீலம். "இருந்த பெயின்டையும் உரிச்சுட்டியா? விட்டுடுன்னு நேத்துதானே சொன்னேன்" என்றார். அவர் அப்படிக் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை.

வஹீதா நகரவில்லை. "அத்தா, டிக்கியைத் திறந்து பாருங்க" என்றாள்.

"எதுக்கு?"

"திறந்துதான் பாருங்களேன்."

நஜிமுதீன் திறந்தார். உள்ளே மூலையில் இருந்த நீலத்தைப் பார்த்தார். கதவில் அவள் தேய்த்திருந்த நீலத்தை வந்து பார்த்தார். மறுபடி டிக்கிக்குப் போனார். இரண்டும் ஒரே நீலம்.

"மேல இருக்கிறதுதான் செத்தது அத்தா" என்றாள் வஹீதா. "துணியில வர்றது அதுதான். கீழ உசுரோட இருக்கு."

நஜிமுதீன் கைலியை மடித்துக் கட்டினார். "வெயில் ஏறுது. பொடி காஞ்சு ஒட்டிக்கும். நிழலுக்குத் தள்ளுவோம், பிடிங்க" என்றார்.

ரோஷன் பேகமும் சேர்ந்து தள்ளினாள். நால்வரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து தேய்த்தார்கள். ஒரு பக்கம் முடிவதற்குள் வீட்டில் இருந்த பல்பொடி தீர்ந்துவிட்டது. ஜமால் ஒரு காலி டப்பாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினான்.

"எங்க காருக்குப் பல் விளக்கணும். கொஞ்சம் பல்பொடி குடுங்க" என்று கேட்டான்.

முதலில் சிரித்தார்கள். அப்புறம் கொடுத்தார்கள். முனைவீட்டு டோரதி டீச்சர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை அந்தச் சந்தில் பாதிப் பேர் அடுப்புக்கரியில் பல் விளக்கினார்கள். கல்யாணப் பெண் கமர் ஜஹான், மருதாணி வைத்த கையால், பிரிக்காத புது டப்பாவையே எடுத்து நீட்டினாள்.

சாயங்காலம் நஜிமுதீன் சிங்காரத்தோப்புக் கடையில் கார் மெழுகு ஒரு டப்பி வாங்கி வந்தார். மெழுகைப் பூசி, காயவிட்டு, மெத்தென்ற துணியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது பரக்கத் அலி வேகமாக வந்தார்.

"எங்க வீட்டுப் புதுப் பல்பொடியை யாரு தூக்கிட்டு வந்தது? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாளைக்கு வந்தா..."

அவர் காரை ஒரு சுற்று சுற்றினார். தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். இன்னொரு சுற்று சுற்றினார்.

"நஜிமு, இது உங்க வண்டிதானே?"

"எங்க வண்டிதாண்ணே."

பரக்கத் அலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க" என்றார்.

"வேற வண்டிக்குச் சொல்லிட்டீங்களேண்ணே."

"அதுல பெரியவங்க ஏறிக்கட்டும். நம்ம புள்ள நம்ம வண்டியில போகட்டும். நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க."

நஜிமுதீன் தலையை ஆட்டினார். அன்று அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடிந்து, பிரியாணி முடிந்து, பெண்ணை அனுப்பி வைக்கும் நேரம் வந்தது. கமர் அழுதுகொண்டே வந்தாள். அவள் அம்மா அழுதார். கூட நின்ற பெண்கள் அத்தனை பேரும் அழுதார்கள். கார்க் கதவருகே வந்ததும் கமர் சட்டென்று நின்றாள். கருநீலக் கதவில் அவள் முகம் தெரிந்தது. கண்மை கன்னம் வரைக்கும் வழிந்திருந்தது.

"ஐயோ, இந்த மூஞ்சியோடவா கைலாசபுரம் போறது" என்றாள்.

முக்காட்டுத் துணியின் முனையால் கன்னத்தைத் துடைத்தாள். குனிந்து, திரும்பி, கதவைப் பார்த்தபடியே பூவைச் சரிசெய்தாள். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நஜிமுதீன் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை கதவைத் திறக்காமல் நின்றார்.

மாப்பிள்ளை பின்சீட்டில் ஏறினார். கமர் ஏறினாள். வஹீதாவை முன்சீட்டில் ஏறச் சொன்னவளும் கமர்தான். ஜமால் கேட்காமலேயே ஏறிவிட்டான்.

கார் சந்தை விட்டு வெளியே வந்தது. மாப்பிள்ளை உள்ளேயும் வெளியேயும் பார்த்துவிட்டு, "புது வண்டிங்களா மாமா?" என்று கேட்டார்.

"பழசுதான் மாப்பிள்ளை" என்றார் நஜிமுதீன். "என் மக தேய்ச்சது."