மூக்குப் பாரம்

காலையில் எழுபது கிலோ காட்டிய முள், இப்போது நாற்பதில் நின்றது.

நெரிஸ் எடைமானியைத் துடைத்து, காருக்குப் பின்னால் இழுத்து வந்த வீட்டு வண்டியான கேரவனின் கொக்கிக்கு அடியில் மறுபடி வைத்துப் பார்த்தாள். நாற்பதுதான். மலைச் சாலையோர ஒதுக்கத்தில் அவர்களுடைய வண்டி மட்டும் நின்றது. மதியம் மூன்று மணிக்கே மூடுபனி கற்சுவர்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன காட்டுது?" காருக்குள்ளிருந்து கணவன் கெத்தின் கேட்டான்.

"நாப்பது."

"முப்பது கிலோ எங்க போச்சு? நீ கணக்குப் போட்ட லட்சணமா?"

"முப்பது வருஷம் நீ ஓட்டுனப்ப நான் சொன்ன குறைக்கெல்லாம் இன்னைக்கே பழி வாங்கிடு."

மார்ச் மாதம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவனுடைய இடது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. ஸ்டியரிங் அவளிடம் வந்துவிட்டது. புதிய கார் பழையதைவிடச் சிறியது என்பதால், சமையலறை மேசையில் மூன்று நாள் உட்கார்ந்து அவளே பொருத்தம் பார்த்திருந்தாள். சாமான்களோடு சேர்த்துக் கேரவனின் எடை, காரின் எடையில் நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. கொக்கி இருக்கும் முன்பக்கம், அதாவது மூக்கு, சற்றுக் கனமாக இருக்க வேண்டும். வால் கனத்தால் வண்டி ஆடும், ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துக் கவிழ்க்கும். எல்லாம் சரியாகத்தான் வந்தது.

"உள்ள ஏதாவது பின்னால சரிஞ்சிருக்கும். பாரு."

எதுவும் சரிந்திருக்கவில்லை. கோப்பைகள் கொக்கிகளில் தொங்கின, அடுப்புக்குப் பக்கத்தில் பாரா பிரித் ரொட்டி சுற்றிய துணிகூடக் கலையாமல் இருந்தது. ஆனால் கதவைத் திறந்ததுமே மழையில் நனைந்த ஆட்டு ரோமத்தின் வாடையும், அதற்கடியில் புதிதாய்த் தோண்டிய மண்ணின் குளிர்ந்த வாடையும் தொண்டையில் வந்து ஒட்டிக்கொண்டன. பின்பக்கப் படுக்கையின் நடுவில் ஒரு பெரிய குழி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி மெல்ல, மிக மெல்ல மேலெழும்பிச் சமமானது.

கெத்தினிடம் அவள் சொல்லவில்லை. இரண்டு தண்ணீர்க் கேன்களை முன்பக்கம் நகர்த்தி வைத்தாள். முள் அறுபத்தைந்துக்கு வந்தது. காரின் பின்னாலிருந்த இரும்பு உருண்டையில் கொக்கியைப் பூட்டி, இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

இரண்டாவது மைலில், இறக்கத்தில், பின்னால் ஏதோ முனகியது. காரின் பின்புறம் லேசானது. கண்ணாடியில் கேரவன் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, இன்னும் அகலமாக இடப்பக்கம் போனது.

"பிரேக்கைத் தொடாத!" கெத்தின் கத்தினான். "காலை எடு! ஸ்டியரிங்கை நேரா பிடி, திருப்பாத, திருப்பாத!"

சுவரை உரசும் சத்தம். ரப்பர் கருகும் வாடை. ஆட்டம் குறைந்தது. அகலமான ஒரு திருப்பத்தில் எப்படியோ வண்டியை நிறுத்தினாள். விரல்கள் ஸ்டியரிங்கை விட மறுத்தன.

"உள்ள ஏதோ இருக்கு, கெத்தின்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. "நடக்குது. அது பின்னால போறப்பல்லாம் கார் இளகுது. எனக்கு இடுப்புல தெரியுது. நீ பயப்படுவேன்னு சொல்லல."

போனில் சிக்னல் இல்லை. அவனால் பத்தடி நடக்க முடியாது. கீழே கிராமம் நான்கு மைல்.

"கழட்டி விட்டுட்டுப் போயிடலாம்" என்றாள்.

கேரவனின் ஹேண்ட்பிரேக்கை முழு பலத்தோடு இழுத்தாள். சுவரிலிருந்து சரிந்து கிடந்த கற்களைத் தூக்கி வந்து சக்கரங்களுக்கு அடியில் திணித்தாள். நகம் பெயர்ந்தது. கொக்கியின் பிடியைத் தூக்கினாள்.

மூக்கு வானத்தைப் பார்த்துத் துள்ளியது. வால் தரையில் மோதியது.

அப்புறம் அமைதி.

உள்ளே தரைப்பலகை முனகியது. மூக்கு ஒரு சாண் கீழே இறங்கியது.

மறுபடி முனகல். இன்னொரு சாண்.

முன்பக்கத்தை நோக்கி. அடி மேல் அடியாக.

நெரிஸ் ஓடினாள். கதவைச் சாத்துவதற்குள் காரைக் கிளப்பினாள்.

முதல் வளைவு தாண்டியதும் கெத்தின் வலது கையை அவள் முழங்காலில் வைத்தான். "போய்த் தொலையட்டும் சனியன். ஊருக்குப் போய் ஆளைக் கூட்டிட்டு வரலாம். நீ நல்லா ஓட்டுன, நெரிஸ்."

அவளுக்கு அழுகை முட்டியது. கண்ணாடியைப் பார்த்தாள்.

பனிக்குள் வெள்ளையாக ஒன்று.

"கெத்தின்."

அவன் கஷ்டப்பட்டுத் திரும்பிப் பார்த்தான். "இறக்கம்ல? கல்லு நழுவியிருக்கும். சும்மா உருண்டு வருது. வளைவுல சுவத்துல முட்டிக்கும் பாரு."

வளைவு வந்தது. கேரவன் முட்டவில்லை. சாலையின் இடப்பக்கத்தை விடாமல் ஒழுங்காகத் திரும்பியது.

"வேகமா போ."

"போய்க்கிட்டுதான் இருக்கேன்!"

கீழே ஓடைப் பாலம். அதைத் தாண்டியதும் சாலை செங்குத்தாக ஏறியது. அவள் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினாள். சிறிய கார். இன்ஜின் அலறியது. வேகம் குறைந்தது.

"உருள்ற வண்டி ஏத்தத்துல நின்னுடும்" என்றான் கெத்தின். "நின்னுடும், நெரிஸ். நின்னுடும்."

அவள் பார்த்தாள்.

கேரவன் பாலத்தைத் தாண்டியது. நிற்கவில்லை. கொக்கிக்கு அடியில் தாங்கலாக இருக்கும் அதன் சின்ன முன்சக்கரம் தரையைத் தொடாமல் காற்றில் சுழன்றது. காருக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அரைச் சாண். மூக்கை நிதானமாகத் தூக்கிப் பிடித்தபடி, காரின் உருண்டைக்கு நேராகக் கொக்கியின் வாயைத் திறந்துகொண்டு, அது ஏற்றத்தில் ஏறி வந்துகொண்டிருந்தது.