நாலு மீட்டர் சந்து

அலையின் உயரம் என்ற கட்டத்தில் அவள் பூஜ்யம் போட்டிருந்தாள். காற்று பூஜ்யம், நீரோட்டம் பூஜ்யம். கணினித் திரையில் இரண்டு கப்பல்களும் பக்கத்தில் பக்கத்தில் கட்டப்பட்டு, சுவரில் வரைந்தவை போல அசையாமல் நின்றன. அவற்றுக்கு நடுவிலிருந்த நாலு மீட்டர் சந்தில் மட்டும் தண்ணீர் எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தது.

விடுமுறை நாள் மதியம். குளிர்சாதனத்தின் ஒரே சுருதியான இரைச்சல், சூடேறிய கணினிகளின் தூசி வாசனை, கண்ணாடிக்கு வெளியே கண் கூசும் வெயில், ஆளில்லாத நாற்காலிகள் தரையில் நீட்டியிருந்த மெல்லிய நிழல்கள். பயப்பட அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் அவள் செருப்பைக் கழற்றி, கால்களை நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டு கப்பல்களைக் கடலில் சேர்த்துக் கட்டலாமா என்று கணினியில் கணக்குப் போட்டுக் கையெழுத்திடுவது அவள் வேலை. சந்துத் தண்ணீரைக் கணக்கு எப்போதும் உள்ளதைவிடக் கூடுதலாகவே துள்ளவைக்கும். அதனால் அதன்மேல் கணக்கிலேயே ஒரு மூடி வைத்து அமுக்குவது தொழில் வழக்கம். எவ்வளவு அமுக்குவது என்பது கணக்குப் போடுகிறவர் கையில். போன வருடம் மேலாளர் சொன்ன அளவுக்கு அவள் அமுக்கினாள். அறிக்கையில் தண்ணீர் சாதுவாகப் படுத்துக்கொண்டது, கடலில் படுக்கவில்லை. கயிறு கட்டுகிறவர் ஒருவர் அந்தச் சந்தில் விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. அவருடைய கவனக்குறைவு என்று எழுதி அதையும் மூடினார்கள். அன்றிலிருந்து மேலாளருக்கு அலுவலகத்தில் 'மூடி' என்று பட்டப்பெயர். அவளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வைத்திருக்கலாம்.

இன்று அதே கப்பல்களை மறுபடி சேர்த்துக் கட்டப்போகிறார்கள். கயிறு பிடிக்கப்போகிறவன் அவள் தம்பி.

மேலாளர் போனில் அழைத்தார்.

"என்னம்மா, கையெழுத்துப் போட்டாச்சா?"

"அலையே இல்லாம தண்ணி ஆடுது சார்."

"மூடியை இன்னும் கொஞ்சம் அமுக்கு, அடங்கிடும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"பழசைக் கிளறாத. போட்டுட்டு வீட்டுக்குப் போ."

அமுக்கிப் பார்த்தாள். இரண்டு மடங்கு. பத்து மடங்கு. தண்ணீர் படுத்தது.

டொக்.

ஒலிபெருக்கி இல்லாத கணினி. பத்து நொடி கழித்து மறுபடி, டொக். மூடிய பலகையை அடியிலிருந்து உள்ளங்கையால் தட்டுவது போல.

தம்பியை அழைத்தாள்.

"டேய், கடல் எப்படி இருக்கு?"

"தாம்பாளம் மாதிரி இருக்குக்கா. கொசு உக்காந்தாக்கூடத் தெரியும். கப்பல் ரெண்டும் நெருங்கிட்டிருக்கு. நடுவுலதான் ஏதோ தட்டுற சத்தம். மீன் கதவைத் தட்டுதுங்கறார் எங்க சமையல்காரர்."

டொக். போனிலும் அறையிலும் ஒரே நேரத்தில்.

"கயித்தைத் தொடாத. நான் கையெழுத்துப் போடமாட்டேன். நான் போடாம கட்ட முடியாது."

"உன் வேலை போயிடும்க்கா."

"போனாப் போகுது. நீ இருக்கணும்."

'சேர்த்துக் கட்டக்கூடாது' என்று எழுதி, கேப்டனுக்கும் மேலாளருக்கும் அனுப்பினாள். கால் மணி நேரத்தில் தம்பியிடமிருந்து செய்தி வந்தது: கப்பல் விலகிடுச்சு. சத்தமும் நின்னுடுச்சு.

டொக்.

இங்கே நிற்கவில்லை.

எழுந்து போயிருக்கலாம். இன்னும் அமுக்கியிருக்கலாம், அடங்கும், அமுக்கிப் பழகிய கை அது. யார் தட்டுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு வருடமாகவே தெரியும்.

"இனி அமுக்கமாட்டேன்," என்றாள் சத்தமாக. "வாங்க."

மூடியின் அளவைப் பூஜ்யமாக்கினாள்.

திரையில் தண்ணீர் எழுந்தது. கப்பல் தளத்தைத் தாண்டியது. திரை அணைந்தது.

உப்பு வாசனை. நனைந்த கயிற்றின் வாசனை.

அவள் மேசைக்கும் பக்கத்து மேசைக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் கறுப்பாகத் தண்ணீர். தரையில் பரவவில்லை. நின்றது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். மேசை விளிம்பு.

விளிம்பில் ஒரு கை வந்து பற்றியது. ஊறி வெளுத்த கை. உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு. அது விசைப்பலகையைத் தடவித் தடவி வந்தது.

அவள் தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அது அவள் கைமேல் படிந்தது. மெல்ல, அளவாக, அமுக்கத் தொடங்கியது.